வீட்டுக்காரம்மாவுக்குப் புரியாத சிரிப்பு

"சீனாவில் பெண்பிள்ளைகள் பட்டும் படாமல் மறுத்துப் பேசுவார்கள், பையன்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அது பிள்ளைகளின் சுபாவமா என்ன?

துணி வியாபாரத்துக்காக ஷாவ்ஷிங் பக்கம் கச்சியாவில் நான்கு வருடம் இருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், 16 வயது. ஆகவே மூத்தது இளையது என்ற சாக்குக்கு இடமில்லை. ஷாவ்ஷிங் இருக்கிற செஜியாங் மாகாணத்தில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு 7 பாடங்களில் 3 பாடங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பேரும் இயற்பியல் எடுத்தே ஆகவேண்டும் என்றார் அம்மா.

பையன் தலை நிமிராமல் "பு துவே" என்றான். தப்பு, அவ்வளவுதான். "எதிர்த்துப் பேசாதே" என்று அதட்டிய அதே கையால் அவன் கிண்ணத்தில் ஒரு துண்டு பன்றிக்கறியும் வைத்தார் அம்மா. அப்புறம் என்னிடம், "முரண்டு பிடிக்கிற வயசு, சொந்தமா யோசிக்கிறான்" என்றார். குரலில் பெருமைதான்.

மகள் முதலில் "ஷி மா?" என்றாள். அப்படியா? கொஞ்சம் பொறுத்து, "பு துவே பா" என்றாள். கடைசியில் வரும் அந்த "பா" வாக்கியத்தையே குழைத்துவிடும். தப்புன்னு தோணுது, இல்லையா என்கிற மாதிரி. அதற்கே, "பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு வாய்? திங் ஹுவா!" என்று விழுந்தது. திங் ஹுவா என்றால் அச்சு அசலாக நம் "சொல்பேச்சு கேள்"தான்.

இத்தனைக்கும் அந்த அம்மாவே ஒரே மகளாக வளர்ந்தவர். 1980 முதல் 2015 வரை இருந்த ஒற்றைப் பிள்ளைக் கொள்கையின் காலத்தில், மகனுக்குச் செய்வதையெல்லாம் மகளுக்கே செய்து படிக்கவைத்த நகரத்துக் குடும்பம். ஆனால் சாப்பாட்டு மேசைக்குப் பழைய சட்டம்தான் போலிருக்கிறது.

"பா" ஒன்றும் பெண்களுக்கென்று வைத்த சொல் இல்லை. வாத்தியார் போன் செய்தால் அந்தப் பையனும் வாக்கியத்துக்கு வாக்கியம் "பா" போடுவான். அவளோ வகுப்புத் தோழர்களின் வீசாட் (அங்கத்திய வாட்ஸ்அப்) குழுவில் "பா" எல்லாம் போடமாட்டாள். ஒருத்தன் உளறினால் வெறும் "ஹெ ஹெ", அதற்குமேல் அவன் வாய் திறக்க மாட்டான். எதிரே இருப்பவரைப் பார்த்துத்தான் இரண்டு பேருமே அளந்து பேசுகிறார்கள். அவளுக்கு வீட்டிலேயே அளக்க வேண்டியிருக்கிறது. பையனுக்கு வேறு கஷ்டம்: மனசு நொந்தால் சிணுங்கிக் கேட்க அவனுக்கு வழியில்லை. "ம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வான்.

மறுநாள் அந்த அம்மா போனை என்னிடம் நீட்டினார். இயற்பியல் பற்றி அவர் அனுப்பிய நீளமான செய்திக்கு மகளிடமிருந்து பதில்: லேசாகப் புன்னகைக்கும் மஞ்சள் முகம். அங்கே பெரியவர்களுக்கு அது அன்பான சிரிப்பு. பிள்ளைகளுக்கு, "ஆமாமா, நீ சொன்னா சரிதான்" என்கிற நக்கல்.

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டா" என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையனுக்குப் புரையேறியது.