ரெண்டு பூட்டு, ஒரே கயிறு

தண்டையார்பேட்டையில் ஒரு மிளகாய் வத்தல் குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சரக்கின் மேல் கடன், அதனால் கதவுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று பேங்க் ஆளிடம். அவர் தாம்பரத்திலிருந்து வரணும். ஒரு ஐப்பசி மழையில் ரயில் ஓடாமல் போக, "லோடு நிக்கக் கூடாது தம்பி, நீங்களே வெச்சுக்கோங்க" என்று கொடுத்துவிட்டார். மழை விட்டது, சாவி போகவில்லை. தை வரைக்கும் ரெண்டும் ஒரே சிவப்புக் கயிற்றில் தொங்கின. ரிஜிஸ்டரில் மட்டும் ரெண்டு கையெழுத்து ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது.

போன வாரம் எங்கள் வியாசர்பாடித் தெருத் தம்பி ஒருவன், கிரிப்டோவை ஒரு செயினிலிருந்து (செயின் என்றால் கிரிப்டோ கணக்கு எழுதும் பொது லெட்ஜர்) இன்னொன்றுக்கு, ரெண்டையும் இணைக்கும் பிரிட்ஜ் வழியாக மாற்றுவதாகச் சொன்னான். "அஞ்சு பேர் வெரிஃபை பண்றாங்கண்ணா, பயமே இல்ல." எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது.

பிரிட்ஜில் காயின் நகர்வதில்லை. பெரும்பாலும் இந்தப் பக்கம் பூட்டுவார்கள், அந்தப் பக்கம் அடகு ரசீது மாதிரி ஒரு டோக்கன் அடிப்பார்கள். ஒரு செயினுக்கு இன்னொரு செயினில் நடப்பது தானாகத் தெரியாது. "பூட்டியாச்சு" என்று யாராவது சொல்லணும். அந்த யாராவது யார் என்பதுதான் விஷயமே.

2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜில் நடந்ததைப் பாருங்கள். சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஒன்பது வேலிடேட்டர், பணம் வெளியே போக அஞ்சு கையெழுத்து போதும். அதில் நாலு, ஸ்கை மேவிஸ் என்ற ஒரே கம்பெனியிடம். அஞ்சாவது, ஆக்ஸி என்ற கேமின் பயனர் குழுவான ஆக்ஸி டிஏஓவுடையது. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், அந்தக் குழு தனக்காகக் கையெழுத்துப் போட ஸ்கை மேவிஸுக்கே அனுமதி கொடுத்தது, டிசம்பரில் தேவை முடிந்தது, அனுமதியை யாரும் திரும்ப வாங்கவில்லை. எங்கள் ஐப்பசிச் சாவியேதான்! அந்தக் கம்பெனிக்குள் புகுந்த திருடனுக்கு அஞ்சு கையெழுத்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. 1,73,600 ஈதர் காயினும், டாலருக்குச் சமமான 2.55 கோடி யுஎஸ்டிசி காயினும் போயின. ஆறு நாள் கழித்து யாரோ 5,000 ஈதர் எடுக்கப் போய் வராததால்தான் விஷயமே தெரிந்தது. நாங்கள்கூட சனிக்கிழமை சனிக்கிழமை மூட்டை எண்ணுவோம்.

அதே வருஷம் ஆகஸ்டில் நோமாட் என்ற இன்னொரு பிரிட்ஜ். அங்கே சாவி திருடு போகவில்லை, சரிபார்க்கும் ப்ரோகிராம் கோடே ஒரு அப்டேட்டில் கெட்டுப்போய், நிரூபிக்கப்படாத மெசேஜையும் சரி என்றது. முதல் ஆள் செய்ததை காப்பி அடித்து, தன் முகவரியை மட்டும் மாற்றிப் போட்டவர்களும் அள்ளினார்கள். சுமார் 19 கோடி டாலர்.

அதனால் தலை எண்ணிக்கையைச் சொல்லி என்னிடம் வராதீர்கள். ரெண்டாவது ஆள் வேறு கம்பெனியாக, வேறு மெஷினில், முடிந்தால் வேறு ஆட்கள் எழுதிய கோடில், தன் சொந்த நோடு (செயினோடு நேரடியாக இணைந்த கம்ப்யூட்டர்) வழியாக, காயின் பூட்டிய மூலச் செயினைப் பார்க்கணும். முதல் ஆள் அனுப்பிய டேட்டாவைப் பார்த்துத் தலையாட்டினால் அது நகல், சரிபார்ப்பு இல்லை. அப்புறம், பூட்டியதும் அடித்ததும் ஒத்துப்போகாவிட்டால் கதவை இழுத்துச் சாத்தும் அதிகாரமும் அவர் கையில் வேண்டும்.

"லேட் ஆகும்ணா, ஃபீஸும் ஏறும்" என்றான் தெருத் தம்பி. ஆகட்டுமே. பேங்க் ஆள் தாம்பரத்திலிருந்து வருவதும் லேட்டுதான்.

நேற்று ராத்திரி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த அஞ்சு பேரில் மூணு பேருக்கு ஒரே ஆபீஸ் விலாசம். கீழே ஒரு முழிக்கிற எமோஜி. பணத்தை எடுத்துவிட்டானா என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை.