கொடுத்தா ஏற்றமாம், வாங்கினா ஒடுக்கமாம்

அப்பா: நோட்டைக் கொண்டா. ரெண்டு பக்கமும் எண்ணிக்கை சமமா இருக்கணும், அவ்வளவுதான் சமன்பாடு.

மகள்: கேள்வி இதுதான்: 'அமில ஊடகத்தில் இரும்பு +2 அயனியும் பெர்மாங்கனேட்டும் வினைபுரியும் சமன்பாட்டைச் சமன்செய்க.' முதல்ல இரும்பு: இரும்பு +2, இரும்பு +3 ஆகுது.

அப்பா: இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. முடிஞ்சுது. அடுத்தது?

மகள்: தலையை எண்ணிட்டீங்க, மின்சுமையை யாரு எண்ணுவா? வலப்பக்கம் ஒரு எலக்ட்ரான் போடணும். இதான் ஆக்சிஜனேற்றம்.

அப்பா: இதுல ஆக்சிஜன் எங்க?

மகள்: இல்ல.

அப்பா: அப்புறம் எதை ஏத்துறாங்க?

மகள்: எலக்ட்ரானைக் கொடுத்தா ஏற்றம், வாங்கினா ஒடுக்கம்.

அப்பா: வாங்கினவன் ஏம்மா ஒடுங்கணும்? வீங்கணுமே!

மகள்: வாங்கறதே மைனஸ்ப்பா. கடன் வாங்கிட்டு யாராவது வீங்குவாங்களா? பெர்மாங்கனேட்டுல மாங்கனீஸ் அஞ்சு எலக்ட்ரான் வாங்கி +7லேர்ந்து +2க்கு இறங்கிடுது.

அப்பா: (பேனா மூடியைக் கடித்தபடி) சரி, அதையே போடு. இடப்பக்கம் பெர்மாங்கனேட்டுல நாலு ஆக்சிஜன், வலப்பக்கம் ஒண்ணுமில்ல.

மகள்: வலப்பக்கம் நாலு தண்ணி.

அப்பா: யாரு கொடுத்தா?

மகள்: வினையில உண்டாகுதுப்பா. இப்ப ஹைட்ரஜனுக்காக இடப்பக்கம் எட்டு ஹைட்ரஜன் அயனி.

அப்பா: அதை யாரு கொடுத்தா?

மகள்: 'அமில ஊடகத்தில்'னு கேள்வியிலயே இருக்கு. அந்த ரெண்டு வார்த்தையை யாருமே படிக்கறதில்ல. இப்ப மின்சுமை: இடப்பக்கம் பெர்மாங்கனேட்டோட மைனஸ் ஒண்ணும் ஹைட்ரஜனோட ப்ளஸ் எட்டும் சேர்ந்து +7. வலப்பக்கம் +2. அதனால இடப்பக்கம் அஞ்சு எலக்ட்ரான்.

அப்பா: அதை...

மகள்: இரும்பு! ஒரு இரும்பு ஒண்ணுதான் கொடுக்கும், அதனால இரும்புச் சமன்பாட்டை அஞ்சால பெருக்கணும். கூட்டினா ரெண்டு பக்கமும் எலக்ட்ரான் அடிபட்டுப் போயிடும்.

அப்பா: இதுக்கா இவ்வளவு? நான் 'எட்டு, அஞ்சு, நாலு'ன்னு மனப்பாடம் பண்ணி முழு மார்க் வாங்கினேன்.

மகள்: நடுநிலைக் கரைசல்னு கேட்டா? அங்க மாங்கனீஸ் +4லயே நின்னு பழுப்பா படிஞ்சிடும். மூணு எலக்ட்ரான்தான். அப்ப எட்டு, அஞ்சு, நாலை எங்க போடுவீங்க?

அப்பா: கேட்டாங்க.

மகள்: என்ன எழுதினீங்க?

அப்பா: சாய்ஸ்ல விட்டேன்.