சீரியலில் வீடு கிடைக்காதவர்கள்

மெகா சீரியல் என்றாலே வீடுதான். ஹால், மாடிப்படி, பூஜை அறை, சமையற்கட்டு. கல்யாணப் பேச்சும் அங்கேதான், சதியும் அங்கேதான், மாமியார் மனம் மாறி அழுவதும் அங்கேதான். அதனால் ஒரு சீரியல் யாரை முழு மனுஷராக மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அந்தப் பாத்திரத்துக்கு வீடு கொடுத்திருக்கிறார்களா?

சேட்டுக்கு அடகுக்கடை கொடுப்பார்கள். 'நம்பள் நிம்பள்' என்று நாலு வரி பேசுவார், நாம் சிரிக்க வேண்டும். சென்னை சௌகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, நம்மைப் போலவே சரளமாகத் தமிழ் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! அவர்கள் வீட்டுக்குள் கேமரா போனதே இல்லை. கூர்க்காவுக்கு ஒரு கேட்டும் ஒரு சல்யூட்டும். பீகார் பையனுக்கு ஒரு கட்டட வேலை. அவன் ராத்திரி எங்கே படுக்கிறான், ஊரில் யாருக்குப் பணம் அனுப்புகிறான் என்று எந்தக் கதாசிரியரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண் என்றால் கவுன், அரைகுறைத் தமிழ், அப்பா ஒரு குடிகாரர். சினிமாவில் பல வருஷமாக ஓடிய அதே அச்சு.

நான் வடசென்னைப் பெரம்பூரில் வளர்ந்தவள். கேரேஜ் வொர்க்ஸ் என்கிற ரயில்பெட்டிப் பட்டறை, லோகோ என்கிற என்ஜின் பட்டறை, அப்புறம் 1955-இல் வந்த ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று ரயில்வேயைச் சுற்றி எழுந்த பகுதி இது. ரயில்வே வேலையை நம்பி இங்கே வேரூன்றிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல. எங்கள் தெருவிலும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேங்காய்ப்பாலில் வேகும் மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் தெரு முழுக்க மணக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரோஸ் குக்கீ தட்டு வீடு வீடாகப் போகும். அந்த வீடுகளிலும் மாமியார் மருமகள் பிரச்சினை இருந்தது, பென்ஷன் கவலை இருந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை, ஆஸ்திரேலியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்பது. அண்ணன் கிளம்பிவிடுவார், தங்கை அம்மாவைப் பார்த்துக்கொண்டு இங்கேயே நின்றுவிடுவார். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. ஒரு மெகா சீரியலுக்கு இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? சட்டமன்றத்தில் அவர்களுக்கு இருந்த நியமன இடமும் 2020 ஜனவரியோடு போய்விட்டது. சபையிலும் இல்லை, திரையிலும் இல்லை என்றால், அடுத்த தலைமுறைக்கு இப்படி ஒரு சமூகம் நம்மோடு இருந்தது எப்படித் தெரியும்?

பாரிமுனைப் பக்கம் வந்தால் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகளை எல்லாம் அரசுடைமையாக்க, இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள். 1969-இல் அவர்களுக்காகத்தான் ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வந்தது. இன்றைக்கு அவர்களைப் பற்றி நம் திரைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மா நூடுல்ஸ் வகைகள்தான். அந்தத் தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்பவரின் பாட்டி ரங்கூனில் எதை விட்டுவிட்டு வந்தார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சாப்பிட்டுப் பார்த்து 'சூப்பர்' சொல்லிவிட்டு கேமரா அடுத்த கடைக்குப் போய்விடுகிறது.

மண்ணடி முஸ்லிம்கள் விஷயம் எனக்கு இன்னும் கோபம் வரவழைப்பது. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்து வியாபாரம் செய்கிறவர்கள் வீட்டில் பேசுவது அசல் தமிழ். திரையில் அவர்களுக்கும் இந்தி கலந்த கொச்சைத் தமிழைக் கொடுத்து, கையில் ஒரு பிரியாணித் தட்டையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும், அடுத்தவர் நம்மைத் தப்பாகக் காட்டினால் எப்படி வலிக்கும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். 2021-இல் 'தி ஃபேமிலி மேன்' என்ற இந்தி வெப் சீரிஸின் இரண்டாம் சீசனுக்கு முன்னோட்டம் வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. ஈழத் தமிழர்களை இப்படிக் காட்டுவதா என்று மாநில அரசே தடை கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. அதில் நடித்த சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கியதையும் பலர் கண்டித்தார்கள். நானும் கண்டித்தேன், இன்றும் அது தவறு என்றே சொல்வேன். ஆனால், வெள்ளையான நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி 'கறுப்பான கதாநாயகி' என்று தமிழ் சேனல்கள் காட்டும்போது நாம் ஏன் இரவு எட்டு மணிக்குச் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்க்கிறோம்? காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் அந்த நிறத்தில் பிறந்த, நடிக்கத் தெரிந்த பெண்களே இல்லையா?

அமெரிக்காவில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் அப்பு என்று ஓர் இந்தியர், பெரும்பாலும் கடைக் கல்லாவுக்குப் பின்னால்தான் நிற்பார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரர். அந்தக் குரலை வைத்தே பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான இந்தியப் பிள்ளைகள் பலர். நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020-இல் அசாரியா விலகிக்கொண்டார். அதே 2020-இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற அமெரிக்கத் தொடர் வந்தது. தேவி என்ற தமிழ்ப் பெண், கலிஃபோர்னியாவில் ஒரு வீடு, இறந்துபோன அப்பா, கண்டிப்பான அம்மா. தேவி நல்ல பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொய் சொல்கிறாள், கத்துகிறாள், அம்மாவைக் காயப்படுத்துகிறாள். எனக்கு அது மிகவும் பிடித்தது. சிறுபான்மைச் சமூகத்தவரைத் தியாகியாகவே காட்டுவதும் ஒருவகையில் அவர்களை வெளியே நிறுத்துவதுதான். தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கைப் போரால் கனடாவுக்கு வந்த தமிழர்களின் மகள். பொது அழைப்பு விட்டு, விண்ணப்பித்த சுமார் 15,000 பேரிலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

'அதெல்லாம் டி.ஆர்.பி. வராது' என்பார்கள். யாரிடமிருந்து வராது? ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் மாலையானால் டி.வி. முன்னால் உட்காருகிறவர்கள் யார்? இந்தத் தெருக்களில் இவர்களோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறவர்கள்தானே? பக்கத்து வீட்டுக் கதையில் நமக்கு ஆர்வம் இல்லாமல் போனது என்றைக்கு? ராயபுரத்திலிருந்து கானா பாடி வந்த இசைவாணி 2021-இல் பிக்பாஸ் வீட்டுக்குள் போனபோது எங்கள் பக்கம் எத்தனை பேர் 'நம்ம பொண்ணு' என்று பார்த்தார்கள்! ரியாலிட்டி ஷோ அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. சீரியல் இன்னும் திறக்கவில்லை.

சேனல்களில் கதை விவாதத்தில் உட்காருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இதைச் செய்யுங்கள். அடுத்த சீரியலுக்கு ஆள் தேடும்போது பெரம்பூரிலும் ராயபுரத்திலும் பொது அழைப்பு விடுங்கள். வருகிறவர்களை அவர்கள் குரலிலேயே பேச விடுங்கள், டப்பிங் வேண்டாம். வசனம் எழுதும் குழுவில் அந்த வீடுகளில் பிறந்த ஒருவருக்காவது சம்பளம் கொடுத்து இடம் கொடுங்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள், ஒன்று ஆங்கிலோ இந்தியக் குடும்பம், இன்னொன்று பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். இந்தக் கதையை எடுத்தால் எங்கள் தெருவையே உட்காரவைத்துப் பார்க்கவைக்கிறேன்.