கிரிஸ்பர் ஆய்வகத்தில் பிறந்ததா? – உண்மை விளக்கம்

"பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பாற்றலே கிடையாது, கிரிஸ்பர் என்பது 2012-இல் விஞ்ஞானிகள் தயாரித்து அவற்றுக்குள் புகுத்திய செயற்கைப் பொருள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இதன் இரு பகுதிகளும் தவறு.

கிரிஸ்பர், பாக்டீரியாக்களிடமும், அவற்றைப் போன்ற ஒற்றைச் செல் உயிரிகளான ஆர்க்கியாக்களிடமும் இயற்கையாகவே காணப்படும் தற்காப்பு முறையாகும். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் கிரிஸ்பருக்குரிய மரபுத்தொடர்களைக் கண்டு 1987-இலேயே பதிவு செய்துள்ளனர். உள்ளே நுழையும் வைரஸின், அல்லது பிளாஸ்மிட் போன்ற இடம்பெயரும் மரபுக்கூறின், டி.என்.ஏ.விலிருந்து ஒரு சிறு துண்டைத் தன் மரபுத்தொகுதியில் சேர்த்துவைக்கும் செல், அதே எதிரி மீண்டும் வரும்போது அத்துண்டின் ஆர்.என்.ஏ. நகலால் அதை அடையாளம் கண்டு, காஸ் புரதங்களைக் கொண்டு வெட்டுகிறது. இந்த நினைவு அடுத்த தலைமுறைச் செல்களுக்கும் செல்கிறது என்பது உண்மையிலேயே வியக்கத்தக்கது. பால் பொருள்களைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா ஒன்றில் இது செயல்படுவதை 2007-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான சோதனை நிறுவியது.

எல்லா பாக்டீரியாக்களிடமும் கிரிஸ்பர் இல்லை. ஆனால் மற்றொரு தற்காப்பாக அயல் டி.என்.ஏ.வைத் துண்டிக்கும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள் மிகப் பரவலானவை. அவற்றின் கண்டுபிடிப்புக்கு 1978-இலேயே மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விஞ்ஞானிகள் எம்மானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2012-இல் செய்தது, இயற்கையில் இருந்த இம்முறையை மரபணுவைத் திருத்தும் கருவியாக மாற்றியதே. நோபல் பரிசு இணையதளத்தில், 2020 வேதியியல் பரிசுக்கான விளக்கத்தில் இதை எவரும் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.