அணுகுண்டு பற்றி வகுப்பில் பேச வேண்டும்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அணுக்கரு இயற்பியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அதே விஷயம் கணக்குகளோடு திரும்ப வரும். ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தால் ஏறக்குறைய 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லுவார்கள். ஆனால் இன்றைக்கு எத்தனை நாடுகளிடம் அணுகுண்டு இருக்கிறது, அதைக் குறைக்க என்ன ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அவற்றில் நம் நாடு எங்கே நிற்கிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். கடலூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6 வந்தால் ஹிரோஷிமா தினம் என்று பல பள்ளிகளில் பேச்சுப்போட்டி வைக்கிறார்கள், காகிதக் கொக்கு செய்கிறார்கள். நல்ல காரியம்தான். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேரும் நாகசாகியில் 70,000 பேருக்கு மேலும் செத்துப்போனார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மேடையில் பேசுகிற பிள்ளை அணுகுண்டை அந்த ஆண்டோடு முடிந்துபோன கொடுமையாகத்தான் பேசுகிறது. இன்று ஒன்பது நாடுகளிடம் 12,000க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருக்கின்றன. அந்த ஒன்பதில் இந்தியாவும் ஒன்று. இதை எந்தப் போட்டியிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மீன்பிடிப் படகில் தொடங்கலாம் என்பேன்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஐந்தாறு மெகாடன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்). வெடித்தது 15 மெகாடன். ஜப்பானின் யாய்சு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ‘ஐந்தாம் புக்குர்யூ மாரு’ என்ற படகு, அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் படகின் மேல் வெள்ளை வெளேரென்று சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. குண்டு பெயர்த்தெடுத்த பவளப்பாறை, கதிரியக்கம் ஏறிய தூளாகித் திரும்பி விழுந்தது. அது என்னவென்றே தெரியாமல் 23 பேரும் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரை திரும்புவதற்குள் தோல் வெந்ததுபோல் ஆகி, முடி கொட்டத் தொடங்கிவிட்டது. படகில் ரேடியோ பார்த்துக்கொண்டிருந்த அய்கிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். அவருக்கு வயது 40.

தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடாவிலிருந்து வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கடலில் எல்லை என்றால் என்னவென்று அவர்களுக்கு வீட்டிலேயே தெரியும். “எல்லைக்கு வெளியதான மிஸ் இருந்தாங்க, அப்புறம் எப்படி?” என்று ஒரு பையன் கோபமாகவே கேட்டான். “அந்த மீன என்ன பண்ணாங்க?” என்று இன்னொருத்தி. கதிரியக்கம் இருந்த மீனை ஜப்பானில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மற்ற மீனையும் வாங்க ஜனங்கள் பயந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் பக்கத்திலும் மீன் வாங்க ஆளில்லாமல் போனதே, அதை அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா இன்னும் மறக்கவில்லை. அன்று மாலை வீட்டில் போய் விசாரித்துவிட்டு, மறுநாள் அவர்களே வந்து எனக்குச் சொன்னார்கள்.

அந்தப் படகோடு கதை நிற்கவில்லை. டோக்கியோவில் சுகினாமி என்ற பகுதியில் குடும்பப் பெண்கள் ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் ஜப்பான் முழுக்க 3 கோடிக்கு மேல் கையெழுத்து சேர்ந்துவிட்டது. படகு மேல் சாம்பல் விழுந்து ஒரு மாதம் தாண்டியதுமே, 1954 ஏப்ரல் 2 அன்று நேரு நம் நாடாளுமன்றத்தில் எழுந்து, சோதனை வெடிப்புகளையாவது உடனே நிறுத்துங்கள் என்று கேட்டார். 1963இல் காற்றிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் வெடிக்கத் தடை போடும் ஒப்பந்தம் வந்தது. இந்தியா அதில் கையெழுத்துப் போட்டது. பிணங்களின் படத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மீனவரும் குடும்பப் பெண்களும் ஒரு நாட்டின் பிரதமரும் சேர்ந்து எதை அசைக்க முடிந்தது, எதை முடியவில்லை என்று காட்டினால் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

அடுத்து வருவதுதான் கஷ்டமான இடம். “சைனாகிட்ட இருக்கு, பாகிஸ்தான்கிட்ட இருக்கு, நாம மட்டும் எப்படி மிஸ் விட முடியும்?” வருடா வருடம் யாராவது கேட்டுவிடுவார்கள். இதைத் தேசபக்தி என்று தட்டிக்கொடுத்தும் அடக்கக்கூடாது, வன்முறைப் பேச்சு என்று திட்டியும் அடக்கக்கூடாது. கேட்கிற பிள்ளைக்கு முழு விவரத்தையும் கொடுக்க வேண்டும்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968இல் கையெழுத்தாகி 1970இல் நடைமுறைக்கு வந்தது. 1967 ஜனவரி 1க்கு முன்னால் குண்டு வெடித்துவிட்ட ஐந்து நாடுகள் அதை வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் செய்யக்கூடாது என்பது அதன் ஏற்பாடு. பதிலுக்கு அந்த ஐந்து பேரும் ஆயுதக் குறைப்புக்கு மனப்பூர்வமாகப் பேச்சு நடத்த வேண்டும் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. இது சமமான ஏற்பாடு இல்லை என்று சொல்லி இந்தியா சேரவில்லை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை வகுப்பில் அப்படியே சொல்கிறேன். அதோடு நிறுத்த மாட்டேன். 1974இல் பொக்ரானில் வெடித்த குண்டுக்கான புளூட்டோனியம், அமைதிப் பணிக்கு மட்டும் என்ற வாக்குறுதியின் பேரில் கனடா உதவியோடு கட்டப்பட்ட டிராம்பே உலையிலிருந்து வந்தது. 1988இல் ராஜீவ் காந்தி ஐ.நா.வில் நின்று, 2010க்குள் உலகத்தில் ஓர் அணுகுண்டுகூட இருக்கக்கூடாது என்று திட்டம் வைத்தார். பத்தே ஆண்டில், 1998 மே மாதம், நாம் மறுபடி வெடித்தோம். அதே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் வெடித்தது. அடுத்த ஆண்டே கார்கில் சண்டை. குண்டு வந்ததால் நமக்குப் பாதுகாப்பு கூடியது என்று என்னால் நம்ப முடியவில்லை. பிள்ளைகள் என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று நான் கேட்பதில்லை, காரணம் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இந்த இரண்டு நாடுகளும் ஒன்றை மட்டும் விடாமல் செய்து வருகின்றன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது என்று 1988இல் ஓர் உடன்பாடு போட்டார்கள். அதன்படி 1992 முதல் ஜனவரி 1 தோறும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். இதைச் சொன்னால் பெரியவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

போன ஆண்டு பிள்ளைகளை நாடுகளாகப் பிரித்து வாதாட விட்டேன். ஆறு குண்டுகளைச் செய்துவிட்டுத் தானே அவற்றைப் பிரித்துப்போட்ட தென்னாப்பிரிக்கா, சோவியத் சோதனைத் திடலை 1991இல் இழுத்து மூடிய கசகஸ்தான், அப்புறம் மார்ஷல் தீவுகள். 1946 முதல் 1958 வரை 67 அணுச் சோதனைகளைத் தாங்கிய அந்தக் குட்டி நாடு, 2014இல் ஒன்பது அணு ஆயுத நாடுகள் மேலும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இந்தியா மேலும்தான். 2016இல், விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. இந்தியா தொடர்பான வழக்கில் நீதிபதிகள் 9க்கு 7 என்று பிரிந்திருந்தார்கள். விசாரிக்கலாம் என்ற அந்த ஏழு பேர் பக்கம் நின்று பேசிய பெண் வகுப்பில் வாயே திறக்காதவள்.

புதுச்சேரி ஆசிரியர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. பிரான்ஸ் தன் முதல் குண்டை 1960 பிப்ரவரி 13 அன்று அல்ஜீரியப் பாலைவனத்தில் வெடித்தது. சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டில்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர். அவர்களை வைத்தே தொடங்கலாம்.

“இதெல்லாம் அரசியல், பரீட்சைக்கு வராது” என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பயத்தின் காரணம் புரிகிறது. கூடங்குளத்துக்குப் பிறகு அணு என்று வாயெடுத்தாலே பிரச்சினை என்ற எண்ணம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வாதம், அதை இதோடு கலக்க வேண்டாம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும்போது கடக்கிற கல்பாக்கம் பற்றி ஒன்றாவது சொல்லலாம். அணுப்பொருள் குண்டுக்குப் போகவில்லை என்று சரிபார்க்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் கூடங்குளம் இருக்கிறது. கல்பாக்கத்தில் உள்ள இரண்டு மின் உலைகளையும், புளூட்டோனியத்தை எரித்துக்கொண்டே புதிதாகவும் உண்டாக்கும் வேக ஈனுலையையும் 2006இல் இந்தியா அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வைத்துக்கொண்டது. புளூட்டோனியம் எப்படி உருவாகிறது என்று படித்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்கும் உரிமை இல்லையா?

இது என் ஒருத்தியின் ஆசையும் இல்லை. ஆயுதக் குறைப்பைக் கல்வியாகக் கொடுக்க வேண்டும் என்று 2002லேயே ஐ.நா. 34 பரிந்துரைகளோடு ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நான் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. அணுக்கரு பாடம் முடிந்ததும் இரண்டு பாடவேளை, இயற்பியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒன்றாக வகுப்பில் நின்றால் போதும். படகு, ஒப்பந்தங்கள், நாடுகளாகப் பிரிந்து வாதாடும் பயிற்சி எல்லாவற்றையும் தமிழில் தாள்களாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் நடத்திப் பார்க்க நினைக்கிற ஆசிரியர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.