கிழடும் இல்லை, புதுசும் இல்லை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் காருக்கு வயதாகிவிட்டது, ஆனால் எங்கள் ஊர்ப் புகைச் சோதனையில் விலக்கு கிடைக்கிற அளவுக்கு வயதாகவில்லை. அதைவிடக் கிழட்டு வண்டி என்றால் பாரம்பரிய வாகனமாம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே இல்லாமல் புகை கக்கினாலும் சலாம் போட்டு விட்டுவிடுகிறார்கள். புத்தம் புது வண்டிக்கும் முதல் சில வருடங்கள் சோதனை கிடையாது. நடுவில் மாட்டியது நான்தான். போன வாரம் பேட்டரி மாற்றினேன், செய்த குற்றம் அவ்வளவுதான். அதில் வண்டிக் கணினியின் சுயபரிசோதனைப் பதிவெல்லாம் அழிந்துபோய், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாதபோதும் 'கணினி இன்னும் ரெடி ஆகலை, நாலு நாள் ஓட்டிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது, ஓட்டாமல் சான்றிதழும் கிடைக்காது. அப்புறம் என்ன, தள்ளிக்கொண்டு போவதா?