சொந்தப் பிள்ளை என்றால் கை நசுங்காதா?

பந்தை உருட்டி எதிர்முனையில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் பவுலிங். அமெரிக்காவில் குடும்பமாக நடத்துகிற பவுலிங் கூடங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், "அந்த வீட்டுப் பசங்களுக்கு என்ன குறை, நாள் முழுக்க இலவசமா ஆடலாம்" என்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது. லீக் போட்டி நடக்கிற ராத்திரியில் ஒரு லேன், அதாவது பந்து உருளும் தடம், இயந்திரக் கோளாறில் நின்றுபோனால் கவுண்டரில் இருக்கும் அப்பா யாரைக் கூப்பிடுகிறார்? ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையை. "பின்னாடி போய் என்னன்னு பாத்துட்டு வா."

பின்னாடி என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் அனுப்புகிறீர்களா? பின் என்கிற அந்தக் கட்டை ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. பந்து 16 பவுண்டு வரை, அதாவது ஏழு கிலோவுக்கு மேல் இருக்கும். இதையெல்லாம் தூக்கி, திருப்பி, அடுக்குகிற பின்செட்டர் இயந்திரத்துக்கு உள்ளே இருப்பது கை என்றா தெரியும்?

விழுந்த பின்களை மேலே தூக்கும் எலிவேட்டர் சக்கரத்தில் ஒரு பின் குறுக்கே மாட்டிக்கொள்வது தினமும் நடப்பது. சக்கரம் நின்றிருக்கும், ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், பெல்ட் வழுக்கிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு இயந்திரம் ஓய்ந்ததுபோலத்தான் தெரியும். பிள்ளை கையை விட்டு அந்தப் பின்னை உருவும் நொடியிலேயே சக்கரம் சுற்றத் தொடங்கும். கை அப்போதும் உள்ளேதான் இருக்கும். பழைய இயந்திரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. இடம் நகர்ந்து நிற்கும் பின்னின் தலையில், பின்களை இறக்கி நிறுத்தும் டெக் என்கிற கனத்த பகுதி வந்து உட்கார்ந்து அப்படியே நின்றுவிடும். பின்னைத் தட்டிவிட்டால் அந்தக் கனம் மொத்தமும் கீழே இறங்கப் பார்க்கும். பந்தைத் திருப்பி அனுப்பும் பெல்ட்டோ இரண்டு லேனுக்கும் பொது. ஒரு லேனை மட்டும் நிறுத்திவிட்டு அதில் கை வைத்தால், பக்கத்து லேனில் யாரோ போட்ட பந்து வந்து விரலில் இடிக்கும்.

செய்ய வேண்டியதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜோடியாக இருக்கும் இரண்டு லேனையும் நிறுத்த வேண்டும். சுவிட்சோடு விடாமல் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைக்க வேண்டும், இல்லையென்றால் மெயினில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். டெக்குக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தொளதொளத்த சட்டைக் கை, அவிழ்ந்த முடி, கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம்தான் கை உள்ளே போகலாம், அதுவும் பெரியவர் கை.

சட்டமும் இந்தப் பிள்ளைகளைக் கைவிட்டிருக்கிறது. 1938-இன் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 14, 15 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ கூட விடக் கூடாது. ஆனால் பெற்றோரின் சொந்தத் தொழில் என்றால் பெரும்பாலும் விலக்கு! சுரங்கம், உற்பத்தி, ஆபத்தானவை என்று அறிவித்த வேலைகள் மட்டும்தான் அதிலும் தடை. அந்த அறிவிப்புகள் 17, எதிலும் பின்செட்டர் பெயர் கிடையாது. 1909-இல் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் நியூஜெர்சியில் நள்ளிரவு தாண்டியும் கையால் பின் அடுக்கிய சிறுவர்களைப் படம் எடுத்துக் காட்டினார். 1950-களில் இயந்திரம் பரவி அந்த வேலையை ஒழித்தது. இப்போது அந்த இயந்திரத்துக்குள்ளேயே பிள்ளையை அனுப்புகிறோம்.

ஆட வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விழுந்த பின்களை வாரித் தள்ளும் ரேக் கீழே இறங்கியிருக்கும்போதே அடுத்த பந்தை வீசுவார்கள். ரேக் வளைந்து லேன் நின்றதும் கவுண்டரில் நிற்கிற சின்னப் பெண்ணிடம் கத்துவார்கள். பாதியில் நின்ற பந்தை எடுக்க, லேன் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஃபவுல் கோட்டைத் தாண்டுவார்கள். அங்கே 40 அடி வாக்கில் எண்ணெய் பூசியிருக்கும். வழுக்கி விழாவிட்டாலும் ஷூவில் எண்ணெயை இழுத்து வந்து பந்து வீச ஓடிவரும் தரையில் பூசுவார்கள். அடுத்தவர் சறுக்கியதும் துடைக்க ஓடுவது யார்? மறுபடியும் அந்தப் பிள்ளைதான்.

லேன் நின்றால் மூடுங்கள். ஆடுகிறவர்களை வேறு ஜோடிக்கு மாற்றுங்கள், இடம் இல்லையென்றால் காசைத் திருப்பிக் கொடுங்கள். லீக் ராத்திரிகளில் கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கை வையுங்கள். பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, 18 வயது ஆகாத யாருக்கும் சாவி தராதீர்கள், உங்கள் மகனாகவே இருந்தாலும்.